படையலும் பங்கும்

மலையகத் தோட்டங்களுக்கு வந்து போன சகோதரிகள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். லயத்துக் காம்பரா எத்தனை சிறியதாக இருந்தாலும், அதன் வாசலில் ஒரு முழ நிலமாவது பூவுக்கென்று விடப்பட்டிருக்கும். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு டேலியாப் பூக்கள் தலை பெருத்துப் பூக்கும். அவற்றின் காலடியில் செண்டுப்பூ. சிலர் அதைத் துலுக்கச் செவந்தி என்பார்கள். வீதியோரச் சரிவுகளில் யாரும் நடாமலே காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாய் மண்டிக் கிடக்கும். இந்த மூன்று பூக்களுக்கும் தாய்வீடு ஒன்றுதான். உலகத்தின் மறுபுறத்தில் இருக்கும் மெக்சிக்கோ நாடு. டேலியாவைத் தங்கள் தேசியப் பூவென்று 1963இல் அறிவித்தவர்கள் அவர்கள்.

பூ மட்டுமா? நம் அம்மியில் அரைபடும் கொச்சிக்காய், நெருப்பில் வாட்டித் தின்னும் சோளம், குழம்புக்குத் தக்காளி, எல்லாம் அந்தத் திசையிலிருந்து வந்தவைதான். கொச்சிக்காய் போர்த்துக்கேயரோடு நம் பக்கம் வந்து சேர்ந்து ஏறக்குறைய ஐந்நூறு வருஷம்தான் இருக்கும். அதற்கு முன்பு நம் பாட்டிமார் கருவாட்டுக் குழம்புக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து வந்ததென்று நினைத்தோ என்னவோ நாம் அந்தப் பேரை வைத்துக்கொண்டோம். மெக்சிக்கோக்காரருக்கு அது தெரிந்தால் சிரிப்பார்கள்.

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது அந்த மக்களின் ஒரு வழக்கத்தைப் பற்றி. இறந்தவர்களுக்குச் சோறு வைக்கும் வழக்கம். அது அங்கும் இருக்கிறது, எங்கள் தோட்டங்களிலும் இருக்கிறது. யாரும் யாரிடமும் கேட்டுப் படித்ததல்ல. ஆனால் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்குச் சோறு வைப்பதா, வேண்டாமா என்ற கேள்வி வரும்போது, அந்த ஊர்த் தாயும் நம்மூர்த் தாயும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மெக்சிக்கோவில் நவம்பர் முதலாம், இரண்டாம் திகதிகளை இறந்தோர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். முதல் நாள் குழந்தைகளாக இறந்தவர்களுக்கு. இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. அந்த மண்ணின் பழங்குடி மக்களுடைய முன்னோர் வழிபாடும், 1521இல் ஸ்பானியர் நாட்டைப் பிடித்தபின் வந்த கத்தோலிக்க சமயத்தின் ஆத்துமாக்கள் தினமும் கலந்து உண்டான விழா இது. நம் நாட்டிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் இரண்டில் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுவர்த்தி ஏற்றுவதை மன்னாரிலும் பார்க்கலாம், அட்டனிலும் பார்க்கலாம். அந்த நாளேதான். ஆனால் மெக்சிக்கோவில் அது வீட்டுக்குள் ஒரு விருந்தாகிவிட்டது.

வீட்டின் ஒரு மூலையில் மேசை போட்டுத் துணி விரித்து, இறந்தவர்களின் படங்களை வரிசையாக வைக்கிறார்கள். நெடுந்தூரம் நடந்து வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்குமென்று முதலில் ஒரு குவளை தண்ணீர். பிறகு உப்பு. மெழுகுவர்த்தி. நம் சாம்பிராணியைப் போன்ற கோபால் என்ற பிசினின் புகை. எலும்பின் உருவத்தை மாவில் செய்து மேலே ஒட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி. சோளமாவைச் சோளமடலில் பொதிந்து அவித்த தமாலே. பார்த்தால் நம் இலைக்கொழுக்கட்டைக்குத் தங்கை என்று சொல்லலாம். குடித்தவருக்குக் குடிவகை, புகைத்தவருக்குச் சிகரட். வந்தவர் சற்றுச் சாய்ந்துகொள்ள ஒரு பாயும் விரித்து வைப்பதுண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாய்தான்.

வழி தெரிவதற்குத்தான் செண்டுப்பூ. கல்லறையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும், வாசலிலிருந்து படங்கள் இருக்கும் மேசை வரைக்கும், இதழ்களைப் பிய்த்துப் பாதைபோல் தூவிவிடுகிறார்கள். அந்த நிறமும் வாசமும் இறந்தவரைக் கைபிடித்துக் கூட்டிவரும் என்பது நம்பிக்கை. அவர்களுடைய பழைய மொழியில் அந்தப் பூவுக்கு இருபது பூ என்று அர்த்தம் வரும் பெயர். ஒரு பூவுக்குள் அத்தனை இதழ் என்பதால் அப்படி.

மிச்சோக்கான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ ஏரிக்கு நடுவே ஹனிட்சியோ என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பெண்கள் இரவு முழுவதும் கல்லறைகளின் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அழுகையும் உண்டு, பாட்டும் உண்டு. சீனியில் மண்டையோடு செய்து அதன் நெற்றியில் பெயர் எழுதிச் சின்னப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்தால் அன்றிரவே காய்ச்சல் வந்து கோடாங்கியைத் தேட வேண்டியிருக்கும். இந்த விழாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. பிறகு சினிமாவும் சுற்றுலாவும் அதைப் பிடித்துக்கொண்டன. மெக்சிக்கோ நகரத்தில் இப்போது நடக்கும் பெரிய ஊர்வலம் 2016இல்தான் தொடங்கியது, அதுவும் ஓர் ஆங்கிலப் படத்தில் காட்டிய காட்சியைப் பார்த்து. ஊர்வலம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டு மூலையில் இருக்கும் அந்தத் தண்ணீர்க் குவளைதான் விஷயம்.

எங்கள் பக்கத்தில் மயானம் பெண்களுக்கான இடமில்லை. தப்பு அடித்துப் பிரேதம் போகும்போது லயத்துப் பெண்கள் முச்சந்தி வரைக்கும் போய்த் திரும்பிவிட வேண்டும். புதைத்துவிட்டு வரும் ஆண்கள் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். புதைத்த இடமும் நிலைப்பதில்லை. தோட்டத்துக் கல்லறைகள் தேயிலைக்கு ஓரமாக, வேறெதற்கும் உதவாத சரிவில் இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் மேடு கரைந்துவிடும். எங்கள் பாட்டனாரைப் புதைத்த இடம் எதுவென்று அப்பாவுக்கே திட்டமாகத் தெரியாது. ஒரு சவுக்கு மரத்தை அடையாளம் சொல்வார். அந்த மரத்தையும் பிறகு வெட்டிவிட்டார்கள். ஆகவே எங்களுக்கு இறந்தவர்கள் இருக்கும் இடம் வீடுதான், நாள் தீபாவளிக்கு முதல் நாள் இரவு.

நான் அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் (அதை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள் என்பது வேறு கதை) அப்பாவும் அம்மாவும் டவுனுக்கு இறங்குவார்கள். வாங்கும் சாமான்களில் பாதி உயிரோடிருப்பவர்களுக்கு, பாதி இல்லாதவர்களுக்கு. வாழையிலைகூட விலைக்குத்தான். எங்கள் உயரத்துக் குளிரில் வாழை ஒழுங்காக வராது.

அன்று பிற்பகல் காம்பராவைக் கழுவி மெழுகி, சுவரோரம் பலகை போட்டு, படம் இருப்பவருக்குப் படம் வைப்போம். எங்கள் அப்பாயி காலத்தவர்களுக்குப் படம் ஏது? அவர்களுக்கு ஒரு செம்பில் தண்ணீரும் வெற்றிலையும். பாட்டனாருக்குச் சுருட்டும் கால் போத்தல் சாராயமும். அப்பாயியின் மாமியாருக்குப் பாக்கும் புகையிலையும். அதைக் குறைத்து வைத்தால் கனவில் வந்து கேட்பாராம். மூன்று மாதத்தில் இறந்துபோன என் அக்காவுக்கு ஒரு சின்னச் சட்டையும் இரண்டு பிஸ்கட்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அந்தச் சட்டையைக் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக வாங்குவார். நான் பெரியவளாகி, கடையில் அவர் கையில் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் சட்டையைப் பார்த்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. எதுவும் கேட்கவில்லை. படையல் முடிந்ததும் அந்தச் சட்டை பக்கத்து லயத்தில் அந்த வயதுடைய பிள்ளை யாருக்காவது போய்விடும்.

இலையில் சோறு, கோழிக்கறி, கருவாடு, அவித்த முட்டை, வடை, பணியாரம், முறுக்கு. ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்த புதுத்துணிகள். செண்டுப்பூவும் டேலியாவும் வாசல் பாத்தியிலிருந்தே வரும். சாம்பிராணி போட்டு, சூடம் கொளுத்தி, எல்லாரும் விழுந்து கும்பிட்டபின், காம்பராக் கதவைச் சாத்திவிட்டு இஸ்தோப்பில் வந்து உட்காருவோம். அவர்கள் வந்து சாப்பிட நாங்கள் கொடுக்கும் நேரம் அது. லயம் முழுக்க அந்த நேரம் அமைதியாக இருக்கும். பிறகு அப்பா கதவைத் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுத் திறப்பார். வடை இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. மாறியிருக்கிறது என்று அடித்துச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கணவனை இழந்த பெண் கல்யாண வீட்டில் முன்னால் வந்து நிற்கக்கூடாது, ஆரத்தி எடுக்கக்கூடாது என்று சட்டம் பேசுகிற அதே வீடுகளில், படையலுக்கு மட்டும் அவள் கைச்சமையல்தான் வேண்டும். அவருக்கு உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று அவளுக்குத்தானே தெரியும் என்பார்கள். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். ஹனிட்சியோவில் கல்லறைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் இருக்கிறவள் விதவையானாலும் தாயானாலும், அன்றைக்கு அவள்தான் வீட்டுக்காரி. அவளை ஓரமாக நில்லென்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் அப்பாயிக்கு இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. படையல் முடிந்ததும் எல்லா இலையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, கானோரமாகக் கொண்டுபோய் வைப்பார். "வழியில விழுந்தவங்களுக்கு" என்பார். கோப்பித் தோட்ட காலத்தில் இந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த சனத்தில், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய பேர் யாருக்கும் தெரியாது, புதைத்த இடமும் தெரியாது. அவர்கள் வந்து இருநூறு வருஷமாகிறதென்று 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி, ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடியும்படி அந்தப் பாதையிலேயே நடந்து போனார்கள். வன்னியிலிருந்தும் மலையிலிருந்தும் பெண்கள் சேர்ந்து நடந்த அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அப்பாயியின் கைப்பிடிச் சோறுதான் நினைவுக்கு வந்தது.

மற்ற வழக்கம் அவருடைய தம்பிக்கானது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எங்கள் சனத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. அட்டன் ஸ்டேசனில் கோச்சி புறப்படும்போது எழுந்த அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வந்தது. அப்படிப் போன தம்பி கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சில வருஷம் கடிதம் போட்டார். பிறகு நின்றுபோனது. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. போய்ப் பார்க்கவும் வழியில்லை, கேட்டு அறியவும் ஆளில்லை.

வீட்டில் ஆண்கள், அவருக்கும் ஓர் இலை போட்டுவிடலாம் என்றார்கள். அப்பாயி சம்மதிக்கவில்லை. ஆனால் சும்மா விடவும் இல்லை. படையல் போடும் முன்பே, சட்டியிலிருந்து முதல் அகப்பையில் சோறும் கறியும் எடுத்து ஒரு கோப்பையில் வைத்து மூடி, அடுப்புத் திட்டில், வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் வைத்துவிடுவார். படங்களுக்குப் பக்கத்தில் அது போகாது. அதற்குச் சூடம் காட்டக்கூடாது. கேட்டால், "படையல் செத்தவங்களுக்கு. இது பங்கு. வேலைக்குப் போனவன் நேரஞ்சென்டு வந்தா எடுத்து வைக்கிறமில்ல, அது மாதிரி" என்பார். மறுநாள் காலையில் அந்தச் சோறு முதலில் வாசலுக்கு வரும் ஆளுக்குப் போகும். வருகிறவர் யாராக இருந்தாலும் சரி. பல வருஷம் தபால்காரர்தான் சாப்பிட்டார்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் என் அத்தையின் குடும்பமும் ஒன்று. 1958இலும் போனார்கள், 1983இலும் போனார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் காடு வெட்டிக் கொட்டில் போட்டவர்களில் எத்தனை பேர் தோட்டத்து ஆட்கள் என்று இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2009 மே மாதத்தில் சனத்தோடு சனமாக வந்துகொண்டிருந்தபோது அத்தையின் மூன்றாவது மகன் காணாமற்போனான். வயது 19. உயிரோடு கண்டோம் என்றும் சிலர் சொன்னார்கள், இல்லை என்றும் சிலர் சொன்னார்கள்.

2013இல் தீபாவளி நவம்பர் 2இல் வந்தது. மெக்சிக்கோவில் கல்லறைகளில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாள். அந்த வருஷம்தான் அத்தை பல காலத்துக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்திருந்தார். அப்பாயி அப்போது இல்லை. அவருக்கும் சேர்த்து இலை வெட்டிக்கொண்டிருந்த அப்பா மெதுவாகக் கேட்டார்.

"நாலு வருசமாச்சு தங்கச்சி. மருமகனுக்கும் ஒரு எல போட்டுருவமா? பசியோட நிக்கப்படாது பாரு."

அப்பா அன்போடுதான் கேட்டார். அத்தை சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். உதவிக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருவர், கருமாதி செய்யாமல் விட்டால் ஆத்துமா அலையும் என்று எடுத்துச் சொன்னார். அதற்குத்தான் அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அலஞ்சா எங்கிட்டத்தானே வருவான்" என்றார். பிறகு அப்பாவிடம், "எல போடாதீங்கண்ணே. அம்மா வப்பாங்கல்ல, அது மாதிரி ஒரு பங்கு எடுத்து வையுங்க" என்றார்.

அப்பா இலையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பின் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. அத்தை கிளிநொச்சியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இன்றுவரை பங்கு எடுத்து வைக்கிறார்.

எல்லாரும் அத்தையைப் போல இருக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் லயத்திலேயே இன்னொரு பெண் இருந்தார். அவருடைய கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போய், கலவரமான ஒரு காலத்தில் திரும்பி வராமற்போனவர். பத்தாவது வருஷம் யாரும் சொல்லாமல், தானே ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, இலை போட்டு, வாய்விட்டு அழுதார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். இவர் செய்ததும் சரி, அத்தை செய்வதும் சரி. அடுத்த வீட்டார், பூசாரி, உத்தியோகத்தர் எவரும் அந்த நாளைக் குறித்துக் கொடுக்க முடியாது என்பதே என் எண்ணம்.

இதே வேதனை மெக்சிக்கோவிலும் இருப்பதை அறிந்தபோதுதான் அந்த நாட்டைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். போதைப்பொருள் கும்பல்களுக்கு எதிராக அரசு 2006இல் படையை இறக்கியதிலிருந்து அங்கே ஆட்கள் காணாமற்போவது பெருகியது. 2014 செப்டெம்பர் 26இல் ஆயோட்சினாப்பா என்ற ஊரின் ஆசிரியர் கல்லூரியில் படித்த 43 மாணவர்கள் ஒரே இரவில் காணாமற்போனார்கள். அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே காணாமற்போனோர் தொகை 2022 மே மாதத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு வருஷமும் மே 10, அவர்களுடைய அன்னையர் தினம். அன்றைக்குப் பூங்கொத்தோடு வீட்டிலிருக்க வேண்டிய தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீதியில் நடக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த நம் தாய்மாரும் அவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. படத்தைப் பிடிக்கும் விதம் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

அந்தத் தாய்மாரில் பலர் தாங்களே மண்வெட்டி எடுத்துத் தேடப் போகிறார்கள். சினலோவா மாநிலத்தில் 2014இல் மகனைத் தொலைத்த ஒரு தாய் தொடங்கிய குழு அப்படிப்பட்டது. கூரான இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கி, இழுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். கிடைக்கும் எச்சங்களைப் பிணம் என்றோ எலும்பு என்றோ சொல்வதில்லை. புதையல் என்று சொல்கிறார்கள்.

இறந்தோர் நாள் வரும்போது இவர்கள் என்ன செய்வார்கள்? நாடே படம் வைத்து விளக்கேற்றும்போது, காணாமற்போனவரின் படத்தை அந்த மேசையில் வைப்பதா? சிலர் ஊர்ச் சதுக்கத்தில் எல்லாருக்குமாக ஒரு மேசை போட்டுப் படங்களை வைத்து, எங்கே அவர்கள் என்று கேட்கிறார்கள். அங்கே அது வழிபாடாகவும் இருக்கிறது, விசாரணையாகவும் இருக்கிறது. சிலர் வைக்கவே மாட்டோம் என்கிறார்கள். அந்த மேசையில் படம் ஏறினால் தேடுவதை விட்டுவிட்டோம் என்று ஆகிவிடும் என்பது அவர்கள் பயம். அப்பாயியைப் போல அடுப்புத் திட்டில் ஒரு கோப்பை வைக்கும் வழி அவர்களில் யாருக்காவது தோன்றியிருக்கிறதோ என்று நான் யோசிப்பதுண்டு. தோன்றித்தான் இருக்கும். உலகத்தில் எந்த அடுப்படியிலும் பெண்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் இருப்பார்கள்.

உடல் கிடைக்காத சாவை மலையும் அறியும். 2014 தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் கிடைக்கவே இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து மீண்டும் அதே கதை. அங்கே சாவு கண்முன்னே நடந்தது. ஆள் அந்த மண்ணுக்குள்தான் என்று தெரியும். ஆகவே சரிந்த மண்மேட்டின் மீதே பூப்போட்டுச் சாம்பிராணி கொளுத்தினார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு அந்த மண்மேடும் இல்லை.

வடக்கில் எத்தனையோ சகோதரிகள் பொட்டு வைப்பதா விடுவதா என்பதற்குக்கூட ஊரின் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வைத்தால் யாருக்காக என்று ஒரு கேள்வி. விட்டால், அப்படியானால் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டாயா என்று இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்பது பெரும்பாலும் ஒரே வாய்தான். அந்த வாய்க்கு என் அத்தை சொன்ன பதிலைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

காகித விஷயத்திலும் இந்த நெருக்கடி இருந்தது. முன்பு உதவிப்பணம், காணி, வங்கிக் கணக்கு எதற்குப் போனாலும் மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்றார்கள். கையெழுத்துப் போட்டால் தன் கையாலேயே பிள்ளையைக் கொன்றதுபோல இருந்தது என்று சொன்ன தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று எழுதாமல், இந்த ஆளைக் காணவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அதைக்கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் கேட்கலாம். அதே ஆண்டின் சட்டத்தால் உருவான, காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம். அந்தக் காகிதம் நீதியாகிவிடாது, பிள்ளையையும் கொண்டுவராது. ஆனால் படையலா பங்கா என்று அவசரப்பட்டுத் தீர்மானிக்கும்படி உங்களை யாரும் நெருக்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லாமற்போனது. இது தெரியாமல் இன்னும் மரணச் சான்றிதழுக்கே அலையும் சகோதரிகள் இருந்தால் சொல்லுங்கள், அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் வந்தால் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து கரும்பும் ஆமணக்கங்கொம்பும் வைக்கோலும் சேர்த்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன், நெற்றிக்கண் நெருப்பில் சாம்பலாகிறான். பௌர்ணமி இரவு முழுதும் தப்பு முழங்கும். வீரபத்திரன், எமன், தூதன் எல்லாரும் ஆடி முடிய, விடியும் வேளையில் கம்பத்துக்குத் தீ வைப்பார்கள். அதன்பின் ரதி அழுகிறாள். அந்த அழுகைக்காகவே பெண்கள் கம்பளியும் தேத்தண்ணிப் போத்தலுமாக இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மயானத்துக்குப் போகவிடாத சனம், ரதியோடு சேர்ந்து அழ மட்டும் விட்டிருக்கிறது. அந்த நேரத்தில் யார் எவருக்காக அழுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதே விழாவில் லாவணி பாடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. அவன் எரியவே இல்லை என்பது எரியாத கட்சி. விடிய விடிய வாதாடுவார்கள். கதையில் ரதிக்குக் கிடைக்கும் வரம் இரண்டு கட்சிக்கும் நடுவே இருக்கிறது. காமனுக்கு உடல் திரும்பவில்லை, ஆனால் அவன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான்.

மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்கு நடக்கும். எங்கள் தோட்டத்தில் பல வருஷம் ரதி வேடம் கட்டியவர் கவ்வாத்து வெட்டும் ஒரு தொழிலாளி. நேர்த்திக்கடனுக்காகக் கட்டத் தொடங்கியவர். கம்பம் எரிந்த காலையில், அழுது தொண்டை கட்டிப்போய், சேலையும் பூவுமாகப் பீலிக்கு வந்து முகத்துச் சாயத்தைக் கழுவுவார். தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் குடத்தை ஒதுக்கி அவருக்கு வழிவிடுவார்கள். கழுவி முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியோடு பிரட்டுக்களத்துக்கு ஏறிவிடுவார்.